வாசிக்காமல் விட்ட வரிகள்

மேற்கு மலைகளில் பெய்த மழையையெல்லாம் தன் மடியில் கட்டிக்கொண்டு வந்த காவிரி, முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைச் செந்நிற வெள்ளமாய்த் திருச்சிராப்பள்ளியின் கரைகளை உரசி நடத்திக்கொண்டு போன ஆடித் திங்கள் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு. வடகரையில், திருவரங்கத்தின் முற்றுப்பெறாத தெற்குக் கோபுரம் சாரமரங்கள் சூழ, வளரும் பிள்ளைபோல் நாளுக்கு ஒரு விரற்கடை உயர்ந்துகொண்டிருந்தது. தென்கரையில், வளர்வதற்கு இனி ஒன்றுமில்லாத மலைக்கோட்டைப் பாறை, ஊரின் அகவையைத் தான் ஒருவனே அறிந்தவன்போல் வெயிலில் அமர்ந்திருந்தது. இவ்விரண்டையும் கடந்து தெற்கே, ஓட்டுக் கூரைகளும் மாடி வீடுகளும் தோளோடு தோள் நெருக்கி நிற்கும் பாலக்கரையில், கோவில் மணி காலைத் திருப்பலிக்கு அழைத்து ஓய்ந்தபின், ஒரு வீட்டின் கதவு மட்டும் இருபத்தாறு நாளாகத் திறந்தே கிடந்தது. இறப்பு நிகழ்ந்த வீட்டின் கதவை முப்பது நாள் அடைப்பதில்லை என்பது அக்குடியின் வழக்கம்.

கற்றோர் பொறாமையைத் தீ என்பர். ஆனால் எல்லாத் தீயும் எரிந்து காட்டுவதில்லை. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளின் புறத்தே குவிந்து கிடக்கும் உமிமேட்டைக் கண்டவர்கள் அறிவார்கள்: மேலே சாம்பல் படர்ந்து, பனியும் படிந்து, குளிர்ந்த மண்போல் தோன்றும், கால் வைத்தவனுக்கே உள்ளிருக்கும் கனல் தெரியும். அவ்வீட்டின் தலைமகளாகிய ரோசம்மாளின் நெஞ்சில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருந்தது அத்தகைய தீ.

ரோசம்மாளுக்கு அறுபது அகவை. பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாய் இருந்து ஓய்வுபெற்றவள். நிமிர்ந்த முதுகும், கஞ்சியிட்ட வெண்பருத்திச் சேலையும், கூட்டத்தில் நுழைந்தால் தானே அடங்கும் பேச்சும் அவளுடைய உடைமைகள். பெற்றோர் இருவரும் ஒரே கோடையில் கழிச்சல் நோயில் மடிந்தபோது அவளுக்குப் பதினெட்டு. தம்பி அற்புதசாமிக்கு எட்டு. பெண் கேட்டு வந்த நல்ல குடும்பத்தார், “பையனை எங்காவது விடுதியில் சேர்த்துவிடலாமே” என்று சொன்ன அன்றே அவள் அவர்கள் கொண்டுவந்த பூவைத் திருப்பிக் கொடுத்தாள். அதன்பின் வேறெவர் பூவும் அவள் கூந்தலை அடையவில்லை. அவள் ஊட்டிய சோற்றில் தம்பி வளர்ந்தான். அவள் கைபிடித்து இட்ட எழுத்தில் அவன் கையெழுத்து வார்ப்பானது. பத்தொன்பதாம் அகவையில் அவன் ஆறுகளின் குறுக்கே பாலமிடும் படைப்பிரிவில் சேர்ந்து வடக்கே போனபோது, தொடர்வண்டி கண்ணுக்கு மறையும்வரை அழாமல் நின்ற பெருமை அவளுக்கு உண்டு.

அவனுக்கு இருபத்தெட்டானபோது பெண் தேடியவளும் அவளே. படித்த பெண்கள் பலர் இருக்க, உப்பிலியபுரத்துக்கு அப்பால் பச்சைமலை அடிவாரத்துச் சிற்றூரில், பள்ளி வாயிலை மிதித்தறியாத லூர்துராணியைத் தேர்ந்தாள். “அடக்கமான பிள்ளை” என்று உறவினர்க்குச் சொன்னாள். தனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டாள். ஊர்ப் பெண் பிள்ளைகள் ஆயிரவர்க்கு அகரம் காட்டிய அவள் விரல், தன் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு ஒருநாளும் அகரம் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று அவளை எவரும் கேட்டதில்லை.

ஆகவே, எல்லையினின்று அற்புதசாமி தன் மனைவிக்கு எழுதிய மடல்களை உரக்க வாசித்துக் காட்டும் பணி ரோசம்மாளுடையதாயிற்று. அவள் வாசித்தாள். நலம் கேட்ட வரிகளை வாசித்தாள்; மழை, பனி, உணவு, மேலதிகாரியின் கண்டிப்பு ஆகிய வரிகளை வாசித்தாள்; அக்காளை வணங்கிய வரியை இருமுறை வாசித்தாள். ஆனால் கணவன் மனைவிக்கென்றே எழுதிய வரிகள் வந்த இடங்களில், நாற்று நடுபவள் கல்லைக் கண்டு காலை எடுத்து வைப்பதுபோல், அவள் குரல் அடுத்த பத்திக்குத் தாவிவிடும். இடைவெளி தெரியாதிருக்கத் தன் சொல்லில் ஒன்றிரண்டு சேர்ப்பாள். லூர்துராணி சொல்லச் சொல்லத் தான் எழுதிய மறுமொழியிலும் அப்படியே. அவள் சிரிப்பும் சிணுங்கலும் தாளில் ஏறா. “இங்கு அனைவரும் நலம்” என்பது மட்டும் அழகிய கையெழுத்தில் ஏறும். மடல்களை ரோசம்மாளே மடித்துத் தன் மரப்பேழையில் வைத்துப் பூட்டுவாள். குடும்ப மானத்துக்கு இது தகும் என்பது அவள் கருத்து. சினம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் அளவோடு வரவேண்டிய வீட்டில், அன்பு மட்டும் அளவு மீறலாமோ?

எழுபத்தைந்தில் அவன் பணி முடித்துத் திரும்பி, தில்லை நகரில் ஒரு மருத்துவமனை வாயிலில் காவலராய் அமர்ந்தான். படையிலிருந்து வந்தவன் வீட்டிலும் மீசையை முறுக்குவான் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். தெருக்குழாயில் நின்று குடம் நிரப்பினான். மகள் டோரதிக்குத் தலைவாரிப் பின்னலிட்டான். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் மனைவியை அடுப்படியில் நுழையவிடாமல் தானே கறி சமைத்தான். அக்காளுக்கும் குறை வைத்தானில்லை. காலையில் அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைப்பது அவன் வேலை. ஆயினும் துடைத்த கண்ணாடி வழியே அவள் கண்டதெல்லாம், அவன் மனைவியை நோக்கிச் சிரித்த சிரிப்பையே.

எண்பத்து நான்கின் ஆனித் திங்களில், பணிக்குக் கிளம்பி வாயிலில் செருப்பு மாட்டியவன், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். மருத்துவர் வருமுன் உயிர் பிரிந்தது. கல்லறைத் தோட்டத்தில் குருவானவர், “இவரை இழந்து வாடும் மனைவிக்கும் மகளுக்கும் மற்ற உறவினர்களுக்கும்” ஆறுதல் வேண்டினார். மற்ற உறவினர்! நாற்பத்திரண்டு ஆண்டு வளர்ப்பு அந்த இரு சொற்களில் அடங்கிப் போயிற்று. ரோசம்மாள் நிமிர்ந்த முதுகோடு புதைகுழியில் மண்ணிட்டாள். ஆனால் அன்றிரவு முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது இருபத்தாறாம் நாள் காலை, லூர்துராணி அவளிடம் வந்து நின்றாள்.

“அண்ணி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“பட்டாளத்துலேருந்து அவுங்க போட்ட கடுதாசியெல்லாம் உங்க பெட்டியிலதானே இருக்கு? முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் உக்காந்திருக்கையில அதுல ஒண்ணு ரெண்டு படிச்சா, அவுங்களே வந்து பேசுற மாதிரி இருக்கும்.”

பதினாறு அகவை டோரதி உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: “நான் படிக்கிறேன் அத்தை! எனக்கு அப்பா எழுத்து நல்லாப் புரியும்.”

ரோசம்மாள், “பழைய காயிதம். பூச்சி அரிச்சிருக்கும். பாத்துச் சொல்றேன்” என்றாள்.

மகள் வாசித்தால், தாய் கேட்டறியாத வரிகள் வரிசையாய் எழுந்து நின்று ரோசம்மாளைக் காட்டிக்கொடுக்குமே! உற்றார் நடுவில், அவள் பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்கும் பழைய மாணவியர் நடுவில், ‘பெரியவள் திருடினாள்’ என்ற சொல் பிறக்குமே! பகல் உணவுக்குப்பின் அவள் பேழையைத் திறந்து, மடல்களை ஒரு துணிப்பையிலிட்டு, குடையைக் கையிலெடுத்து, “திருவரங்கம் போய்ப் பிச்சமுத்துவ நேர்ல அழைச்சிட்டு வரேன்” என்று கிளம்பினாள். பிச்சமுத்து தம்பியோடு படையிலிருந்தவன். அழைக்க வேண்டியதும் உண்மையே. ஆனால் அவள் மனம் குறித்த இடம் பாலம். காவிரி நிறைந்து ஓடுகிறது. ஒரு துணிப்பையை விழுங்க அதற்கு எவ்வளவு நேரமாகும்?

பாலத்தின் தென்முனையில் பேருந்தை விட்டிறங்கி நடந்தாள். புதுவெள்ளம் காண வந்த ஊரே கைப்பிடிச் சுவரோரம் சாய்ந்து நின்றது. நடுப்பாலத்தில் சற்று இடம் கிடைக்க, பையைச் சுவர்மீது வைத்த அந்நொடியில், “டீச்சர்!” என்றொரு குரல். அவளிடம் படித்த ஷரீபா.

“அல்லாவே, எப்படி எளைச்சுட்டீங்க! செய்தி கேட்டதுலேருந்து எங்க வீட்டுல யாரும் சரியாச் சாப்பிடல டீச்சர். எழுவத்தேழு வெள்ளத்துல நான் புள்ள பெத்து மூணாம் நாளு. கழுத்தளவு தண்ணியில கயித்தைப் புடிச்சுக்கிட்டு வந்து, வாழமரத் தெப்பத்துல எங்க ரெண்டு பேரையும் கரை சேத்தாரே உங்க தம்பி!”

ரோசம்மாளின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. “நான் வளர்த்த பிள்ளை” என்றாள்.

“நான் அழுதுக்கிட்டே, உங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு, போயிடுங்கண்ணேன்னு சொன்னேன். சிரிக்கிறாரு! ‘எங்க வீட்டுக்காரி போயிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிச்சா; அவ சொல்லிட்டா நான் எந்தத் தண்ணியிலயும் எறங்குவேன்’னு.”

உமிமேட்டில் எவரோ காலை ஆழப் பதித்தாற்போல் ஆயிற்று. அவன் வீரமும் வளர்த்தவளுடையதில்லை! ஷரீபா தன் ஆசிரியையின் கையைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்க, பையைச் சுவரினின்றும் எடுத்துக்கொண்டு ரோசம்மாள் வடகரைக்கே நடக்க நேர்ந்தது. திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் பிச்சமுத்துவின் மிதிவண்டி பழுதுநீக்கும் கடை. கையெல்லாம் கரியாய்ச் சக்கரமொன்றைச் சுழற்றிக்கொண்டிருந்த அவன், அவளைக் கண்டதும் படைமுறையில் விறைத்து நின்று நெற்றிக்குக் கை வைத்தான். பின் முக்காலியைத் துடைத்துப் போட்டான்.

“வாங்கக்கா, உக்காருங்க. பத்து வருசம் ஒரே கூடாரம். அந்த உரிமையில நானும் அக்கான்னுதான் கூப்பிடுவேன், கோவிச்சுக்காதீங்க.”

முப்பதாம் நாளுக்கு அழைத்தாள். வருவதாகச் சொன்னவன், கண்ணைத் தோள்துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

“உங்க கையெழுத்து அவ்வளவு அழகுக்கா. கூடாரத்துல வாங்கிப் பாப்போம். எங்களுக்கெல்லாம் வீட்டுலேருந்து கடுதாசி வந்தா அதுல அழுகை இருக்கும், திட்டு இருக்கும், மாடு கன்னு போட்டது இருக்கும். அவனுக்கு வர்றது மட்டும் பரீச்சக் கேள்வித்தாள் மாதிரி இருக்கும்! ‘ஏண்டா, உம் பொண்டாட்டி சிரிக்கவே மாட்டாளா?’ன்னு கேலி பண்ணுவோம்.”

“என்ன சொன்னான்?” என்று கேட்டாள் ரோசம்மாள்.

“‘அவ சிரிப்பு எங்கக்கா பேனாவுல ஏறாதுடா’ம்பான். ‘இங்கேருந்து போறதும் பாதிதான் போய்ச் சேரும்’பான். ‘அப்ப வேற யாருகிட்டயாவது படிக்கச் சொல்லி எழுதேன்’னு ஒரு நாள் நான் சொன்னதுக்கு, சட்டையப் புடிச்சுட்டான்க்கா. ‘எங்கக்கா படிக்கிற கடுதாசிய இன்னொருத்தன் தொடுறதா? அவங்க மனசு நோகுறதுக்குப் பதிலா எங்க கடுதாசி பாதியாவே இருக்கட்டும்’னு.”

சக்கரம் சுழன்று ஓய்ந்தது. ரோசம்மாள் குடையை ஊன்றி எழுந்தாள். பேருந்து பாலத்தைக் கடந்தபோது அவள் ஆற்றைப் பார்க்கவில்லை. பை மடியில் இருந்தது. எவரிடமிருந்து மறைக்க? இறந்தவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் பொறுத்தான் என்பது நன்றியையன்றோ எழுப்பவேண்டும்? எழுந்தது அதுவன்று. அவன் அவளைப் பொறுத்தான். மனைவியைப் பொறுக்க வேண்டியிருந்ததில்லை. அந்த வேறுபாடு, வசையைவிடக் கூர்மையாய் அவள் நெஞ்சில் தைத்தது.

மாலையில் லூர்துராணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ரோசம்மாள் பையை அவள் முன் வைத்தாள். நின்றபடியே, பள்ளியில் குற்றம் விசாரிக்கும் குரலில், தன் குற்றத்தைச் சொன்னாள்.

“நான் உனக்கு எல்லா வரியையும் படிச்சுக் காட்டினதில்ல.”

முறம் நிற்கவில்லை. “தெரியும் அண்ணி.”

“எப்போ?”

“மொத லீவுக்கு வந்தப்பவே. ‘இப்படி எழுதியிருந்தேனே, அக்கா படிச்சாங்களா?’ன்னாங்க. இல்லையேன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதுக்கப்புறம் வருசா வருசம் லீவுல வந்து, நீங்க விட்ட வரியெல்லாம் எனக்கு வாயால சொல்லிப்புடுவாங்க.” முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். “எனக்குக் கோவம் இல்லாம இல்ல அண்ணி. நிறைய இருந்துச்சு. ஒரு தடவ உங்க காப்பியில உப்பு அள்ளிப் போட்டேன். மாதாகிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன்.”

ரோசம்மாளுக்கு அந்தக் காப்பி நினைவிருந்தது. பால் திரிந்துவிட்டது என்று எண்ணி முழுவதும் குடித்திருந்தாள்.

“அப்புறம் ஏன் இப்போ கேட்டே? என்னைச் சந்தியில நிறுத்தவா?”

“ஒரே ஒரு கடுதாசிக்காக. எழுவத்தொண்ணுல சண்டைக்குப் போனப்ப எழுதுனாங்களே, அது. அதுல என்ன இருக்குன்னு மட்டும் சாகுறவரைக்கும் சொல்லவேயில்ல. கேட்டா, ‘அது அக்காகிட்ட இருக்கு. ஒரு நாளைக்கு அவுங்களே படிப்பாங்க, அவசரப்படாத’ன்னுட்டாங்க. இப்ப அவுங்களும் இல்ல. வேற யாருகிட்டப் போயி நான் கேப்பேன்?” அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “எல்லாரு முன்னாடியும் வேணாம். நீங்களும் நானும் இருக்கையில படிங்க, போதும். ஆனா நீங்கதான் படிக்கணும். டோரதி வேணாம். அவுங்க எழுத்த உங்க குரல்ல கேட்டே காது பழகிப்போச்சு.”

அந்த மடல் எது என்பதை ரோசம்மாள் அறிவாள். பதின்மூன்று ஆண்டுகளாக அவள் வெறுத்த தாள் அது ஒன்றே. மற்ற மடல்களை மனைவிக்குத் தன் வாயால் சொன்னவன், அதை மட்டும் அக்காளின் கையில் அடைக்கலம்போல் விட்டுச் சென்றிருக்கிறான். இப்போதும் அதை அடுப்பிலிட்டுவிட்டு, ‘பூச்சி அரித்துவிட்டது’ எனலாம். இந்த வெள்ளை மனத்தவள் நம்புவாள். மூன்று நாள் அந்த எண்ணம் அவளோடு உண்டு, அவளோடு எழுந்தது. சொல்வதற்கு வெட்கமாயினும் சொல்லவேண்டும்: இருமுறை அவள் அத்தாளோடு அடுப்படிவரை போனாள்.

முப்பதாம் நாள், திருப்பலி முடிந்து உறவினர் கூடத்தில் பாய்களில் அமர்ந்தனர். படைச்சீருடையில் அற்புதசாமி மாலையிட்ட படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிச்சமுத்து ஆற்றுப் பாலங்களின் கதை சொன்னான். ஷரீபா வெள்ளத்தின் கதை சொன்னாள். எல்லாரும் ரோசம்மாளை நோக்கினர். குடும்பத்தின் மூத்தவள் இறுதியாகப் பேசுவது முறை. அவள் எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் தானே துடைத்து மாட்டிக்கொண்டு, மடித்த மடலொன்றைப் பிரித்தாள். லூர்துராணி திடுக்கிட்டு, ‘இங்கே வேண்டாம்’ என்பதுபோல் தலையசைத்தாள். ஆனால் ரோசம்மாளின் நிமிர்ந்த முதுகுக்கு, குற்றத்தை ஒப்புக்கொள்வதாயினும் மறைவிடத்தில் மண்டியிடத் தெரியாது.

“இது என் தம்பி, போர்க்களத்திலிருந்து தன் மனைவிக்கு எழுதின கடிதம். எழுபத்தொண்ணு கார்த்திகை. அன்னைக்கு நான் இதை அவளுக்கு முழுசாப் படிச்சுக் காட்டல. இப்போ படிக்கிறேன்.”

தேர்ந்த தெளிவான குரலில் அவள் வாசித்தாள்:

“அன்புள்ள லூர்து, இன்றும் தண்ணீரில்தான் நிற்கிறோம். மறுகரையிலிருந்து சுடுகிறார்கள். பாலம் பாதி முடிந்திருக்கிறது. மீதி முடியுமா, நான் இருப்பேனா தெரியாது. பயமில்லை என்று அக்காவுக்கு எழுதியிருக்கிறேன். உனக்குப் பொய் எழுத முடியவில்லை. பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால் வீடு நினைவுக்கு வருகிறது. வீடு என்றால் பாலக்கரை வீடு இல்லை, லூர்து. அது அக்கா எனக்காகக் கட்டிய வீடு; அதற்கு நான் என்றும் கடமைப்பட்டவன். ஆனால் என் வீடு நீதான். நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாயோ அதுதான்.”

‘கடமைப்பட்டவன்.’ அந்தச் சொல்லில் அவள் குரல் சற்றே இடறியது. நாக்கு பழைய பழக்கத்தால் அடுத்த பத்திக்குத் தாவ முனைந்தது. அவள் அதைப் பற்களால் நிறுத்தி, எஞ்சிய வரியையும் முழுதாய் வாசித்து முடித்தாள். மூத்த உறவினர் சிலர் ஒருவரையொருவர் நோக்கினர். எவரோ தொண்டையைக் கனைத்தார். ஷரீபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வீடு கட்டியவள் தாளைத் தாழ்த்தினாள்.

லூர்துராணி பாயிலிருந்து எழவில்லை. மடியில் கைகோத்தபடி, பசித்த பிள்ளை இன்னும் கொஞ்சம் கேட்பதுபோல், நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணி, கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க.”

ரோசம்மாள் அவளைப் பார்த்தாள். பொறாமை போய்விட்டதென்று கருதவேண்டா. அது முன்னிருந்தவாறே இருந்தது. நெடுநாள் வளர்ந்த நோய் ஒரு நல்ல செயலால் நீங்குவதாயின் உலகில் நோயாளர் இரார். ஆயினும் அந்தக் கனலின் மீது நின்றபடியே, பாலத்தின் பாதியில் நிற்கும் படைவீரன் அடுத்த பலகையை எடுத்து வைப்பதுபோல், அவள் தாளை மறுபடி கண்ணுக்கு நேரே உயர்த்தினாள்.

“என் வீடு நீதான். நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாயோ அதுதான்” என்று வாசித்தாள், ஒரு சொல்லும் விடாமல். ஒருவன் இருவரால் விரும்பப்படுதல் அவன் பேறு; அவ்விருவரும் அவனைப் பங்கிட்டுக்கொள்ள நேர்தல் அவர்கள் ஊழ்; தனக்கு வராத பங்கைத் தன் வாயாலேயே மற்றவளுக்கு எடுத்துரைப்பதற்கோ, அவன் செத்தபின்னும் ஒருவர்க்கு வேண்டியிருக்கிறது, போர்க்களத்தில் நிற்கும் நெஞ்சு.